முட்டைக்கோஸ் இலையில் வழுக்கிய கார்

"நம்ம வண்டியில ஏறாத காரே கெடையாது" என்பது மொக்கையன் தன்னைப் பற்றி அடிக்கடி சொல்லும் வாக்கியம். வட்டவடையிலிருந்து மூணாறு வரைக்கும் நாற்பத்தைந்து கிலோமீட்டர் மலைப்பாதை. அதில் எங்கே எந்தக் கார் படுத்துக்கொண்டாலும் அவருடைய ரெக்கவரி வண்டிதான் போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பக்கத்தில் வேறு ரெக்கவரி வண்டியே கிடையாது என்கிற சின்ன விஷயத்தை மட்டும் அவர் சேர்த்துச் சொல்ல மாட்டார்.

அவர் பிறந்தது மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில். அப்பா தேயிலை ஃபேக்டரியில் இருந்தார், மகனுக்கும் அங்கேயே ஒரு வேலை காத்திருந்தது. ஃபேக்டரியில் காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும். மொக்கையனுக்கு எட்டு மணிக்குத்தான் விடியும். அதனால் ஜீப் ஓட்டப் போனார். இருபது வருஷம் வட்டவடை ஜீப் ஓட்டிவிட்டுப் பிறகு ரெக்கவரி வண்டி வாங்கினார். வட்டவடையிலேயே மாரித்தாயைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவார். சண்டை முடிந்ததும் மாமனார் வீட்டில்தான் சாப்பிடுவார்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு, அதை அவரே ஒத்துக்கொள்வார். அடுத்தவர் வண்டி வழியில் நிற்பதைப் பார்த்தால் தன் வீடு வாசல் மறந்துபோகும். கல்யாணத்தன்று காலையில் கோவிலூர்ப் பக்கம் ஒரு வேனின் சக்கரம் ஓடையில் இறங்கியிருந்தது. மாப்பிள்ளை இறங்கித் தள்ளினார். மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, பட்டு வேட்டியில் கிரீஸ். பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டி இன்னொரு நல்ல நேரம் கண்டுபிடித்தார். மகள் நர்மதா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனார், போனது இரண்டாம் நாள். குழந்தை தன்னைப் பார்த்துச் சிரித்ததாகச் சொல்வார். மாரித்தாய் சிரிக்கவில்லை என்பதையும் சொல்வார்.

இந்த மாரித்தாய்தான் நாலு வருஷமாகக் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். தமிழ் மீடியத்தில் பத்தாவது பாஸ். பூண்டு வயலில் களை எடுக்கும்போதும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாடம் கேட்பாள். கேரளத்தின் நதிகள், பஞ்சாயத்துச் சட்டம், விகிதக் கணக்கு என்று கேரட் பிடுங்கும்போதே வாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும். போன தடவை மூன்று மார்க்கில் பட்டியலுக்கு வெளியே நின்றாள். இந்தத் தடவை லாஸ்ட் கிரேடு என்கிற கடைநிலை வேலைக்கு மறுபடியும் பரீட்சை வந்தது. வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி. அடுத்த அறிவிப்பு வரும்போது அவள் விண்ணப்பமே போட முடியாது.

மொக்கையனும் ஒரு காலத்தில் ஒரு தடவை பி.எஸ்.சி. எழுதியவர்தான். பதிவு எண்ணுக்கான வட்டத்தைத் தப்பாகக் கறுப்பாக்கி, யாரோ முகம் தெரியாத ஆளின் நம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வந்தார். அந்த ஆள் இப்போது எங்காவது வேலையில் இருப்பான் என்று பெருமையாகச் சொல்வார்.

பரீட்சை சனிக்கிழமை, மூணாறில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஒன்றரை மணிக்குக் கேட்டை மூடுவார்கள். மூடினால் மூடியதுதான், முதலமைச்சர் வந்து கேட்டாலும் திறக்க மாட்டார்கள். மாரித்தாய் காலை எட்டு மணி ஜீப்பிலேயே கிளம்பிவிட நினைத்தாள்.

"சொந்த வண்டி வாசல்ல நிக்கிது. பூண்டு மூட்டைக்கு நடுவுல இடிபட்டுக்கிட்டு நீ எதுக்குப் போகணும்? நான் ராணி மாதிரி கொண்டுபோய் எறக்கி விடுறேன்" என்றார் மொக்கையன்.

ராணி ஒன்பதரை மணிக்குத்தான் கிளம்ப முடிந்தது. ராஜாவுக்குச் சாவி கிடைக்கவில்லை. சட்டைப்பையில் இருந்தது.

பாம்பாடும் சோலை என்கிற காட்டுக்கு முன்னால் ஒரு வளைவு உண்டு. போன் டவர் எட்டாத இடம். பத்தேகால் மணிக்கு அங்கே வந்தபோது பாதைக்குக் குறுக்கே மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கிடந்தது. மூக்கு மண்மேட்டை முட்டிக்கொண்டிருந்தது, பின்பக்கம் ஓடையின் விளிம்பில் நின்றது. ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான் இடைவெளி. அந்தப் பக்கம் மூணாறிலிருந்து வந்த ஜீப்புகளும் கார்களும் வரிசையில் நின்றன. இந்தப் பக்கம் மொக்கையன்தான் முதல் ஆள். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பின்னால் பூமாரியின் பிக்கப் வந்து நின்றது. பூமாரி பழத்தோட்டம் என்கிற ஊர்க்காரி. சொந்தமாக விளைவித்த முட்டைக்கோஸைச் சொந்தமாகவே வண்டி ஓட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவள்.

காரின் சொந்தக்காரனுக்குப் பெயர் ஜோஜோ, ஊர் கொச்சி. சொந்தக்காரன் என்று சொல்லக்கூடாது. கார் அவனுடைய மச்சானுடையது, மச்சான் துபாயில் இருந்தான். பாதை மோசமாக இருக்கிறதென்று திருப்பப் பார்த்திருக்கிறான், பாதி திரும்பியதும் பயம் வந்துவிட்டது. கியரை பார்க்கில் போட்டு எஞ்சினை அணைத்திருக்கிறான். இறங்கிப் பார்த்தால் பனிமூட்டத்துக்கு நடுவில் கார் அழகாகத் தெரிந்திருக்கிறது. லைட்டை எல்லாம் போட்டு, பாட்டு வைத்து, அரைமணி நேரம் வீடியோ எடுத்திருக்கிறான். மறுபடி ஸ்டார்ட் பண்ணப் போனபோது பேட்டரியில் உயிர் இல்லை.

"தம்பி, ஒண்ணும் பயப்படாதீங்க. பத்து நிமிஷம்" என்றார் மொக்கையன். மாரித்தாய் கேபினிலிருந்து அவரைப் பார்த்தாள். மொக்கையன் பத்து நிமிஷம் என்று சொன்ன வேலைகளின் கதை அவளுக்குத் தெரியும்.

கியர் பார்க்கில் இருந்தால் உள்ளே ஒரு இரும்புக் கொக்கி விழுந்து பின்சக்கரங்களைப் பூட்டிவிடும். கொக்கியை எடுக்கக் கியரை மாற்ற வேண்டும். அந்தக் காரில் கியர் மாறக் கரண்ட் வேண்டும்.

"பேட்டரி எங்க இருக்கு?"

"பானட்டினுள்ளில், சேட்டா."

"தெறங்க."

"அது தொறக்கான் கரண்ட் வேணும்."

மொக்கையன் பானட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "சரி, அவசரத்துக்கு எப்பிடித் தெறக்குறதுன்னு புஸ்தகம் குடுத்திருப்பாங்கல்ல? அது எங்க?"

"பானட்டினுள்ளில்."

"வண்டியக் கட்டி இழுக்குற கொக்கி?"

ஜோஜோ அந்த பானட்டைப் பார்த்தான். மொக்கையனும் பார்த்தார். இப்படி ஒரு காரைச் செய்தவன் யாரோ, அவனும் தன்னை மாதிரியே சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவனாக இருப்பான் என்று அவருக்குத் தோன்றியது. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

சும்மா விடுகிற ஆளா அவர். ஆட்டோமேட்டிக் காரில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மூடி இருக்கும், அதைக் கிளப்பி உள்ளே ஸ்குரூ டிரைவரை அழுத்தினால் பூட்டு விட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ காரில் செய்திருக்கிறார். இந்தக் காரிலும் ஒரு மூடி இருந்தது. கிளப்பினார். டப்பென்று உடைந்து கையோடு வந்தது. உள்ளே பூட்டைக் காணோம், பாதி தின்ற சூயிங்கம் பாக்கெட் இருந்தது.

"சேட்டா, அது சாதனம் வெக்கிற இடம்!" என்று ஜோஜோ தலையில் கைவைத்தான். இந்த மாடலில் அப்படி ஒரு வழியே கிடையாது என்பது மொக்கையனுக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், கையில் உடைந்த மூடியோடு ஒரு கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறோம் என்பதுதான். மூடியை மரியாதையாக ஜோஜோவின் கையில் கொடுத்தார்.

அடுத்தது முரட்டு வழி. வண்டியைத் திருப்பி நிறுத்தி, கார் ஏற்றும் தட்டைச் சாய்த்து இறக்கி, காரின் பின்சக்கரங்களில் பெல்ட்டைச் சுற்றி, வின்ச்சின் இரும்புக் கயிற்றை மாட்டி இழுத்தார். காதைக் கிழிக்கிற சத்தத்தோடு டயர் தார் ரோட்டில் கறுப்புக் கோடு போட்டது. கார் ஒரு சாண் நகர்ந்தது. ஜோஜோ ஓடிவந்து ரோட்டிலேயே படுத்துக்கொண்டான்.

"நிறுத்து சேட்டா! துபாயில் உள்ள அளியன் என்னைக் கொன்னுபோடும்!"

மாரித்தாய் இறங்கி வந்தாள். "ஏங்க, மணி பத்தே முக்கால் ஆச்சு."

"இந்தா முடிஞ்சிருச்சு புள்ள" என்றார் திரும்பாமல். அவளுடைய நாலு வருஷமும் இந்த மஞ்சள் காரின் டயரில் மாட்டிக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. இன்றைக்கு அவள் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டால், ஆயுசுக்கும் பூண்டு வயல்தான். அதற்குக் காரணம் தான்தான் என்று ஊரே சொல்லும், மாரித்தாய் சொல்ல மாட்டாள். அதுதான் அவருக்குத் தாங்காது. ஆகவே முன்னைவிட வேகமாக வேலை செய்தார். அவருடைய வேகம் எப்போதும் தப்பான திசையில்தான் போகும்.

காருக்கு அடியில் படுத்து பெல்ட்டை மாற்றிக் கட்டினார். கார் தரையோடு தரையாக இருந்ததால் மூக்கு உரச உரசத்தான் உள்ளே போக முடிந்தது. தட்டில் ஏறும்போது அடிப்பாகம் இடிக்காமல் இருக்கப் பலகை வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் மாரித்தாயின் குரல் கேட்டது. இன்னொரு தடவையும் கேட்டது. என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை.

"சரி சரி, அந்தப் பலகைய எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்றார்.

பலகை வந்தது. நல்ல பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டார்.

பலகை போட்டும் பலன் இல்லை. சக்கரம் சுற்றாமல் கார் நகராது, பார்க்கிலிருந்து விடுபடாமல் சக்கரம் சுற்றாது. வெளியே வந்தவர் வேறு கட்டை ஏதாவது கிடைக்குமா என்று பூமாரியின் பிக்கப் பக்கம் நடந்தார். நடந்தார் என்பதுகூடச் சரியில்லை. பிக்கப்பிலிருந்து விழுந்த ஒரு முட்டைக்கோஸ் இலையில் கால் வைத்தார். அடுத்த நொடி முதுகு தரையில் இருந்தது, கால்கள் வானத்தில் இருந்தன. இரண்டு பக்கமும் நின்ற கூட்டம் ஒரே குரலில் சிரித்தது. காலையிலிருந்து அந்த வளைவில் எல்லோருக்கும் சந்தோஷம் கொடுத்த ஒரே காரியம் அதுதான்.

மொக்கையன் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே அந்த இலையைப் பார்த்தார். அரைபட்டு, தண்ணீர் விட்டு, பளபளவென்று இருந்தது.

"ஏ பூமாரி, ஒன் கோசுல மேல் எலை எல்லாத்தையும் உரி!"

"என்னண்ணே, தலையில அடிபட்டிருச்சா? எலைய உரிச்சுட்டா என் கோசு அம்மணமா மார்க்கெட்டுக்குப் போகணும்."

"போகட்டும். ஒன் கோச யாரு கண்ணு வைக்கப் போறா?"

பூமாரி திட்டிக்கொண்டே உரித்தாள். நின்றவர்களும் உரித்தார்கள். சுற்றுலா வந்த பெண்கள்கூட உரித்தார்கள், அவர்களுக்கு அது ஒரு புது அனுபவமாக இருந்தது. ஜாக்கி வைத்துக் காரைக் கொஞ்சம் தூக்கி, பூட்டிக் கிடந்த சக்கரங்களுக்கு அடியில் இலைகளை அடுக்கினார்கள். தட்டு வரைக்கும் இலைப்படுக்கை போட்டு மேலே தண்ணீர் தெளித்தார்கள். மொக்கையன் வின்ச்சைப் போட்டார். சத்தமே இல்லாமல் கார் வழுக்கிக்கொண்டு வந்தது.

அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வழுக்கியது. கயிறு ஒரு பக்கம் இழுக்க, கார் ஓடைப் பக்கம் நழுவியது. "பதுக்கே! மெதுவா!" என்று ஜோஜோ அலறினான். பத்துப் பேர் ஓடிப்போய் தோள் கொடுத்து நிறுத்தினார்கள். மறுபடி ஜாக்கி, மறுபடி இலை, மறுபடி தண்ணீர். இப்படி மூன்று தடவை ஆனது. கடைசியில் மஞ்சள் கார் பலகை மேலேறி, தட்டில் போய் உட்கார்ந்தது. பின்சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. கூட்டம் கைதட்டியது. நாலைந்து பேர் போனில் படம் எடுத்தார்கள். மொக்கையன் இடுப்பில் கைவைத்து, முதுகில் கோஸ் சாறு வழிய, போஸ் கொடுத்தார்.

பிறகுதான் கேபின் கதவைத் திறந்தார். "பாத்தியா மாரி, சொன்னேன்ல…"

கேபினில் யாரும் இல்லை. மணி பன்னிரண்டு நாற்பது.

ஓடைப் பக்கம் பார்த்தார், மேட்டுக்குப் பின்னால் பார்த்தார். "மாரி! ஏ மாரி!" என்று கத்தினார்.

பூமாரி மொட்டைக் கோஸ்களின் மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணே வெளையாடுறீங்களா? அக்கா பதினொரு மணிக்கே போயிருச்சே, அந்தப் பக்கம் நின்ன மணிகண்டன் ஜீப்புல. ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தான போச்சு? பலகைய எடுத்துக் குடுத்துட்டுப் போன்னு நீங்கதான சொன்னீங்க? குடுத்துட்டுப் போயிருச்சு."

மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும்போது இந்த மலையில் எல்லோரும் செய்கிற காரியம் அது. இந்தப் பக்கத்து ஆட்கள் நடந்து அந்தப் பக்கம் போய் அங்கே நிற்கிற ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள், அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வந்து ஏறிக்கொள்வார்கள். ஜீப்புகள் வந்த வழியே திரும்பிப் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மொக்கையனே இருபது வருஷம் அப்படி ஆட்களை மாற்றி ஏற்றியிருக்கிறார், கிழவிகளை முதுகில் சுமந்து மண்ணைத் தாண்டியிருக்கிறார். இரண்டரை மணி நேரமாகத் தன் கண் முன்னால் ஒருக்களித்து நடந்துபோன அத்தனை பேரையும் பார்த்தார், 'கார் மேல பையி இடிக்காமப் போங்கய்யா' என்று சத்தம்கூடப் போட்டார். பெண்டாட்டியையும் அதே மாதிரி அனுப்பலாம் என்று மட்டும் அவர் மண்டைக்கு எட்டவில்லை. அவள் போக வேண்டுமென்றால் கார் நகர வேண்டும், காரை நகர்த்த மொக்கையன் வேண்டும். அவர் கணக்கு அவ்வளவுதான்.

தட்டில் பாரத்தோடு அங்கிருந்து மூணாறுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பன்னிரண்டு நாற்பதோடு ஒன்றரையைக் கூட்டிப் பார்த்தார். மாரித்தாய் அவரை நம்பிக் கேபினில் உட்கார்ந்திருந்தால் பூட்டின கேட்டைத்தான் பார்த்திருப்பாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் கைதட்டிய பிறகு வந்த வெட்கம் என்பதால் ரொம்பவே கூசியது.

வண்டியை மூணாறுப் பக்கம் திருப்பி எடுத்தார். ஜோஜோ பக்கத்தில் உட்கார்ந்து மச்சானின் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். மொக்கையன் காதில் எதுவும் ஏறவில்லை. மணிகண்டனின் ஜீப்பை அவருக்குத் தெரியும். டயர் தேய்ந்து ரொம்ப நாள் ஆகிறது, ரேடியேட்டர் ஒழுகும். அது வழியில் நின்றிருந்தால்? ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தார். வழியில் எந்த வண்டியும் படுத்திருக்கக் கூடாது என்று அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாமியைக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே கால். கேட் பூட்டியிருந்தது. வெளியே மதிலோரம் மூன்று பேர் ஹால் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். மொக்கையன் அவள் முகம் தெரியும்வரை பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். வேறு யாரோ. அந்தப் பெண்ணுக்காகப் பாவப்பட வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னால் அவருக்கு உயிர் வந்தது.

மூன்றேகாலுக்கு மணி அடித்தது. கூட்டத்தோடு மாரித்தாய் வெளியே வந்தாள். ரெக்கவரி வண்டியைச் சுற்றிப் பையன்கள் நின்று மஞ்சள் காரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் காரைப் பார்த்தாள், அவர் சட்டையைப் பார்த்தாள்.

"என்ன இது, முதுகெல்லாம் பச்ச?"

"அத விடு. எப்பிடி எழுதுன?"

"நல்லா எழுதிருக்கேன். பன்னெண்டரைக்கெல்லாம் வந்துட்டோம், மணிகண்டன் தம்பி கேட்டுலயே கொண்டாந்து விட்டுச்சு." சொல்லும்போதே அவள் முகத்தில் சிரிப்பு. அப்படிச் சிரித்து அவர் பார்த்து நாளாயிற்று.

மொக்கையனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு அரித்தது. "ஏன் புள்ள, போறப்ப என் தோளத் தட்டி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் என்னமோன்னு பதறிப் போயிட்டேன்."

"ரெண்டு தடவ சொன்னேன்."

"காதுல விழல. இன்னொரு தடவ சொல்லியிருக்க வேண்டியதுதான?"

மாரித்தாய் பேனாவைப் பைக்குள் வைத்து மூடினாள்.

"மூணாவது தடவ சொல்லியிருந்தா விழுந்திருக்கும். எந்திரிச்சு வந்து, 'இந்தா முடிஞ்சிருச்சு, நானே கொண்டாந்து விடுறேன்'னு சொல்லியிருப்பீங்க. நானும் நம்பி உக்காந்திருப்பேங்க."

மொக்கையன் கேபினுக்குள் சாய்ந்திருந்த ஜோஜோவை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, அவள் ஏறுவதற்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.